கடைசிப் பெயரை மட்டும் பிடித்த அடைப்புக்குறி

அன்பு மகள் நுஸ்ராவுக்கு, வாப்பாவின் ஸலாம்.

நீ போய் இறங்கியதும் தொலைபேசியில் நான் சொன்னது உனக்குச் சரியாக விளங்கியிருக்காது. நீ தூக்கக் கலக்கத்தில் இருந்தாய், நான் சந்தோஷத்தில் முன்னுக்குப் பின் பேசினேன், இடையில் உம்மா போனைப் பறித்துப் பறித்து நீ சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பத்திரிகையிலும் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் ஏதோ ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டு வெளிநாடு போன வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அந்தப் பொருள் பழுதானால் தொடப் பயந்து அதை மூடி வைக்கும் பெற்றோரும் நிறைய. அவர்களும் வாசிக்கட்டும். இத்தனை வருடம் மற்றவர்களுக்கு நடந்ததை எழுதியவன் நான். எனக்கே நடந்ததை எழுத இவ்வளவு ஆசையாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

காலையில் கட்டுநாயக்கவில் உன்னை உள்ளே அனுப்பிவிட்டு உம்மாவும் நானும் அதே வேனில் திரும்பினோம்.  சிலாபம் தாண்டி, பாலாவியில் கற்பிட்டிப் பாதைக்குத் திரும்பியபோது வேன் ஒரு பக்கமாகத் தள்ளாடியது. தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து நின்றன. சாரதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டே, "இண்டைக்கிக் கடலுக்குப் போனவங்க பாவம்" என்றார். உம்மா உடனே, "ஜவாத்தும் போயிருப்பான்" என்றார்.

உன் ஜவாத் மாமாவின் படகு பரக்கத். கண்டக்குழியிலிருந்து போகும். அதைப்போல அந்தக் கரையிலிருந்தும் ஆலங்குடாவிலிருந்தும் தலவிலையிலிருந்தும் போகும் சிறு படகுகள் எல்லாவற்றுக்குமாகத்தான் நீ அந்த ஸ்கிரிப்டை, அந்தச் சின்னக் கணினி நிரலை, எழுதினாய். வாசிப்பவர்களுக்காக அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும், குறித்த நேரத்துக்குள் திரும்பவும் வேண்டும். போகிறவரையும் வருகிறவரையும் எண்ணுவதற்குக் கடற்படை ஆட்கள் நின்றார்கள். அந்த எண்ணிக்கை எங்கள் நன்மைக்காக அல்ல. யுத்தம் முடிந்து கடல் திறந்தது, படகுகள் தூரம் போகத் தொடங்கின, எண்ணுகிறவர்களும் போய்விட்டார்கள். அதன் பிறகு காற்று எழும்பும்போதெல்லாம் நம் வீட்டுத் தொலைபேசிதான் அடித்தது. "ரிப்போட்டர் நானா, உங்களுக்கு ஏதும் நியூஸ் வந்திச்சா?" நிருபனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கரைக்கும் போன் எடுத்துக் கேட்டுக்கேட்டுச் சொல்லுவேன். நீ அதைச் சில மாதங்கள் பார்த்தாய். பிறகு ஒரு நாள் பழைய லெப்டொப்பையும் ஒரு கைபேசியையும் கம்பியால் இணைத்து என் மேசையில் வைத்தாய். கரையில் சிக்னல் பிடிக்கும் இடத்தில் நிற்கும் ஒருவர் படகு வந்ததும் ஒரு குறுஞ்செய்தி போடுவார். இடம், பக்கத்தில் இரட்டைப் புள்ளி, படகின் பெயர், நேரம். உன் ஸ்கிரிப்ட் அதைப் பிரித்து எடுத்து, எல்லாக் குடும்பங்களின் போனுக்கும் வந்த படகுகளின் பட்டியலாக அனுப்பும்.

வராத படகுகளுக்கு ஒரு தனிப் பகுதி வைக்கத்தான் முதலில் நீ நினைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? கண்டக்குழியில், கரையில் நின்று செய்தி போடும் றொபினின் வீட்டு முற்றத்தில் பெண்களைக் கூட்டி வைத்து நீ அதை விளக்கினாய். நான் கதிரையில் ஒரு ஓரமாக இருந்தேன். நீ சொல்லி முடித்ததும் றொபினின் அம்மா, "பிள்ளை, வந்தவங்கட பேரைப் போடுங்க. வராதவங்கட பேரை ஏன் எழுதுறீங்க?" என்று கேட்டார்.

"யார் இன்னும் வரல்லண்டு தெரிய வேணாமா, அன்ரி?"

"அவங்க வருவாங்க" என்றார் அவர்.  அந்தக் கரையில் ஒரு படகு வரவில்லை என்று யாரும் எழுதுவதுமில்லை, சொல்லியனுப்புவதுமில்லை. வந்ததை மட்டும்தான் சொல்லுவார்கள். திரும்பும் வழியில் உனக்குக் கோபம். இது அறிவுக்குப் பொருந்தாது என்றாய். நானும் ஓம் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த வழக்கத்தினால் உன் பட்டியலில் ஒரு பெயர் இல்லாமல் இருப்பதுதான் அந்தப் படகு வரவில்லை என்பதற்கு ஒரே செய்தி என்று ஆகிவிட்டது. அதை நீயும் நானும் அன்று யோசிக்கவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கேற்றடியில் ஒருத்தி நின்றாள். ரஹ்மத் படகுக்காரன் பசீலின் மனைவி பரீதா. பசீலும் அவளுடைய தம்பியும் விடிவதற்கு முன் போயிருந்தார்கள். அவள் கையில் போன் இருந்தது. "நானா, லிஸ்ட் வந்து கொண்டுதான் இரிக்கி. எங்கட பேர் இல்ல" என்றாள். நான் அவளை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு லெப்டொப்பைப் பார்த்தேன். பட்டியலில் சில பெயர்கள்தான். கடலுக்குப் போனவற்றில் கால்வாசிகூட இல்லை.  இத்தனை படகுகள் ஒரே பகலில் திரும்பாமல் போவதை என் வேலைக் காலத்தில் நான் கண்டதில்லை.

அதற்குள் தொலைபேசி. மீனவர் சங்கத் தலைவர் அருளப்பு. பின்னால் காற்றின் சத்தமும் ஆட்களின் சத்தமும். "ரிப்போட்டர் நானா, உங்கட லிஸ்டைப் பாத்தா அரைவாசிக்கு மேல வெளியில நிக்குது. நாங்க பெரிய போட்டுகளை இறக்கப் போறம். ஒண்டு வடக்க, ஒண்டு முகத்துவாரப் பக்கம், ஒண்டு கல்லுப் பாருக்கு வெளியால. வேற வழி இல்ல."

"இந்தக் காத்திலயா?"

"பின்ன, காத்து நிண்ட பிறகா தேடுற?"

அவர் கேட்டது நியாயம். உன் பட்டியலை நம்பி அவர் ஆட்களைப் பிரித்துக் கடலின் நாலு பக்கமும் அனுப்பப் போகிறார். தேடப் போகிறவர்களும் யாரோ ஒருவரின் வீட்டுக்காரர்கள்தான். நான் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து அறையிலிருந்து உம்மா தன் போனைக் காதில் வைத்தபடி வந்தார். முகத்தில் நிம்மதியும் எரிச்சலும் சேர்ந்து இருந்தன. "ஜவாத் வீட்ட வந்து சாரம் மாத்திட்டு, பிளேன்டீ குடிச்சிட்டு இரிக்கான். உங்கட லிஸ்ட்ல அவன் இல்லயாம். அவன்ட பொண்டாட்டி என்ட போனுக்கு ஏசுறா."

மகளே, அந்த நேரத்தில் எனக்கு உண்டான உணர்ச்சியை எப்படிச் சொல்வது? நிருபன் வேலையில் சில நாட்கள் அப்படி அமையும். எல்லோரும் ஒன்றைச் சொல்ல, ஒரே ஒரு ஆள் மட்டும் பொருந்தாமல் நிற்பான். அவனைப் பிடித்தால் கதை முழுவதும் புரளும். அன்று அந்த ஆள் சாரம் மாற்றிக்கொண்டிருந்த உன் மாமா. நான் போனை வாங்கி அவனிடம், "யார் மெசேஜ் போட்ட?" என்று கேட்டேன்.

"றொபின்தான் மச்சான். நாங்க எல்லாம் ஒண்டாத்தானே ஓடி வந்தம். கரைக்கி வந்த எல்லாப் போட்டையும் சேத்து ஒரே மெசேஜா போட்டான். நான் பக்கத்திலதான் நிண்ட."

அப்படியானால் பழுது கடலில் இல்லை, என் மேசையில். அருளப்புவிடம், "படகை இறக்க வேணாம், லிஸ்ட் பிழை, கொஞ்சம் பொறுங்க" என்றேன். "எவ்வளவு நேரம்? வெளிச்சம் போயிடும்" என்றார். "தெரியாது, ஆனா பொறுங்க" என்றேன். முதலில் செய்தது, நீ காட்டித் தந்த அந்த இடத்தில் அனுப்புவதை நிறுத்தியது. பிழையென்று தெரிந்த செய்தி இன்னொரு போனுக்குப் போகக்கூடாது. பிறகு உனக்கு ஒரு அழைப்பு எடுத்தேன். நீ எந்தக் கடலுக்கு மேலேயோ பறந்துகொண்டிருந்தாய், போன் அணைந்திருந்தது.

கைபேசிக்கு வந்த செய்திகளை அப்படியே திறந்து பார்த்தேன். றொபின் எழுதியது இப்படி இருந்தது. கண்டக்குழி: நூரானி, பரக்கத், லூர்துமாதா, ஜெயந்தி 2.40. பட்டியலில் அதற்குப் பதிலாக இருந்தது, கண்டக்குழி, ஜெயந்தி, 2.40. ஆலங்குடாச் செய்தியும் அப்படித்தான். பெயர்கள் எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன, ஸ்கிரிப்ட் அவற்றை எங்கோ கொட்டியிருக்கிறது. உம்மாவிடம் ஒரு கொப்பித் தாளைக் கொடுத்து, செய்திகளைப் பார்த்து வந்தவர்களின் பெயர்களைக் கையால் எழுதச் சொன்னேன். ஆனால் செய்திகள் விடாமல் விழுந்துகொண்டிருந்தன. ஒரு கரையில் ஒதுங்கிவிட்டுப் பிறகு தன் கரைக்கு வந்த படகின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. உம்மா, "இதை நான் எழுதினனா, எழுதல்லயா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கைப்பட்டியலை மட்டும் நம்பி நான் அருளப்புவுக்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டாவது சாட்சி வேண்டும். அது உன் ஸ்கிரிப்ட் மட்டும்தான். அதைத் திருத்த வேண்டும்.

திறந்தேன். பயந்துகொண்டுதான் திறந்தேன். நீ சொன்னபடி முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். பிறகு பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் புரூப் பார்க்கிற நிதானத்தில், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். செய்தி எந்த வடிவத்தில் இருக்கும் என்று சொல்லி அதைப் பிரிக்கும் வரி ஒன்றுதான், உச்சியில் நீ தமிழில் 'இதுதான் செய்தியைப் பிடிக்கும் ரெஜெக்ஸ்' என்று குறிப்பு எழுதியிருந்தாய். அதன் உள்ளே இருந்த கோடு, புள்ளி, சதுர அடைப்பு ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆகவே அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, வளைந்த அடைப்புக்குறிகளை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். இப்படி வந்தது:

( ) : ( )+ ( )

இதைப் பார்த்ததும் உன் கல்யாணத்துக்கு முன்னைய ஒரு காலைச் சாப்பாடு ஞாபகம் வந்தது. பாணும் சம்பலும் வைத்திருந்தாய், நான் நீ என்ன எழுதுகிறாய் என்று கேட்டுவிட்டேன். "வாப்பா, ஒவ்வொரு அடைப்பும் ஒரு கூடை. இடப்பக்கமிருந்து எண்ணணும். முதல் கூடையில இடம், ரெண்டாவதில போட்டுட பேர், மூணாவதில நேரம். இதத்தான் கப்ச்சர் குரூப் எண்டு சொல்ற" என்று மேசையில் கோப்பைகளை வரிசையாக வைத்துக் காட்டினாய். உம்மா, "கூடையும் வேணாம் ஒண்டும் வேணாம், முதல்ல கோப்பையை எடுங்க, நான் கழுவணும்" என்றார். பாடம் அதோடு முடிந்தது. ஆனால் கூடை என்ற ஒரு சொல் எனக்குள் தங்கிவிட்டது.

இரண்டாவது கூடைக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி இருந்தது. அது எதற்கு? நீ அனுப்பாமல் பரீட்சித்துப் பார்ப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தாய். அதில் நானே ஒரு செய்தி எழுதினேன். வீடு: வாப்பா, உம்மா, நுஸ்ரா 3.00. விடை வந்தது: வீடு, நுஸ்ரா, 3.00. பெயர்களை மாற்றிப் போட்டேன். வீடு: நுஸ்ரா, வாப்பா, உம்மா 3.00. விடை, உம்மா. என்னை இறுதியில் போட்டேன். விடை, வாப்பா. மகளே, நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். பரீதா பயந்து எழும்பி வந்தாள். "ஒண்டுமில்ல, கண்டுபிடிச்சிட்டன்" என்றேன். கண்டது பிழையை, அவளுடைய படகை அல்ல.

கூட்டல் குறி, எத்தனை பெயர் வந்தாலும் சரி, திரும்பத் திரும்பப் பிடி என்று சொல்கிறது. ஸ்கிரிப்ட் அதைச் சொன்னபடி செய்தும் இருக்கிறது. ஆனால் கூடை ஒன்றுதான். நூரானி விழும், பிறகு பரக்கத் வந்து நூரானியை வெளியே தள்ளும், லூர்துமாதா வந்து பரக்கத்தைத் தள்ளும். முடிவில் உள்ளே நிற்பது கடைசியாக வந்த ஜெயந்தி மட்டும். நல்ல நாட்களில் படகுகள் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு நேரத்தில் வரும். றொபினும் ஒவ்வொரு செய்தியாகப் போடுவான். ஒரு பெயருக்கு ஒரு கூடை, யாரும் யாரையும் தள்ளுவதில்லை. காற்று அடிக்கும் நாளில்தான் எல்லோரும் ஒன்றாக ஓடி வருவார்கள், கரையில் நிற்பவனுக்கும் ஒவ்வொன்றாக எழுத நேரமிருக்காது. உன் வேலை மாதக்கணக்காகப் பிழையில்லாமல் ஓடியதும், அதன் தேவை உண்மையாக வந்த நாளில் பழுதானதும் இதனால்தான். அங்கே உனக்கு வேலை கிடைத்து இன்னும் பெரிய பெரிய காரியங்கள் செய்வாய். செய்ததை நல்ல நாளில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு எழும்பாதே. ஆட்கள் அவசரத்தில் எப்படி எழுதுவார்கள், பயத்தில் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டுப் பார்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது ஸ்கிரிப்டைப் பற்றியதல்ல. உன் மாப்பிள்ளை நல்ல பிள்ளை. ஆனாலும் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் வாய்த்தர்க்கம் வரும். ஆலங்குடாவில் நாங்கள் குடியிருந்த காலத்தில், நான் செய்திக்கென்று போய் இரண்டு நாள் சொல்லாமல் நின்றுவிட்டு வந்தேன். உம்மா எவ்வளவு பயந்தார் என்று சொன்னார், சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னார், கேற்றடியில் நின்று கால் வலித்தது என்று சொன்னார். இறுதியில், "நீங்க பேப்பரையே கட்டியிருக்கலாம்" என்றார். நான் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு கிழமை முகம் கொடுக்காமல் திரிந்தேன். முன்னால் சொன்ன மூன்றும் எனக்கு விழவே இல்லை. உன் மாப்பிள்ளை பேசும்போது அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளாதே. முன்னால் சொன்னவையும் வந்து சேரட்டும்.

சரி, திருத்தம். கூடை திரும்பத் திரும்ப நிரம்பி வழிகிறது என்றால், அந்தக் கூடையையே ஒரு பெரிய கூடைக்குள் வைத்தால் என்ன? உள்ளே என்ன நடந்தாலும் பெரியது முழுவதையும் வைத்திருக்கும் அல்லவா? தாளில் எழுதிப் பார்த்தேன்:

( ) : ( ( )+ ) ( )

அதேபோல ஸ்கிரிப்டிலும் ஒரு அடைப்பைத் திறந்து ஒரு அடைப்பை மூடினேன். இரண்டே குறிகள். றொபினின் செய்தியைக் கொடுத்தேன். விடை: கண்டக்குழி, நூரானி, பரக்கத், லூர்துமாதா, ஜெயந்தி, ஜெயந்தி. எல்லோரும் வந்துவிட்டார்கள். உம்மாவைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நேரம் எண்ட இடத்தில ஏன் ஜெயந்தி எண்டு இரிக்கி?" என்றார்.

உண்மைதான். 2.40 இருக்க வேண்டிய இடத்தில் ஜெயந்தி குந்திக்கொண்டிருந்தது.  ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிட்டேன் என்றால் எதை நம்புவது? அருளப்பு மறுபடியும் எடுத்தார். "நானா, எஞ்சின் ஸ்டார்ட்ல வச்சிக்கிட்டு நிக்கிறம்" என்றார். "இன்னும் கொஞ்சம், அருளப்பு" என்றேன். 

நீ கோப்பைகளை அடுக்கிய வரிசையை நினைத்தேன். இடப்பக்கமிருந்து எண்ண வேண்டும். எதை எண்ணுவது? திறக்கும் குறியையா, மூடும் குறியையா? பென்சிலை எடுத்துத் திறக்கும் குறிகளின் மேல் மட்டும் இலக்கம் போட்டேன். இடத்துக்கு ஒன்று. நான் புதிதாக வைத்த பெரிய கூடைக்கு இரண்டு. அதன் உள்ளே இருக்கும் பழைய கூடைக்கு மூன்று. நேரத்துக்கு நான்கு. அங்கேதான் இருந்தது. நான் ஒருவரை வரிசையின் நடுவில் நுழைத்துவிட்டேன், பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒவ்வொரு இலக்கம் தள்ளிப் போனார்கள். ஆனால் கீழே நேரத்தை எடுக்கும் வரி இன்னும் மூன்றாவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவதில் இப்போது இருப்பவள் ஜெயந்தி. ஸ்கிரிப்ட் பொய் சொல்லவில்லை, நான் பிழையான ஆளின் இலக்கத்தைக் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறேன். அந்த மூன்றை நான்காக்கினேன். நேரம் தன் இடத்துக்கு வந்தது. ஒரு பெயர் மட்டும் உள்ள பழைய செய்தி ஒன்றையும் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் சரி. பிறகு காலையிலிருந்து வந்த எல்லாச் செய்திகளையும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.

பெயர்கள் மேலிருந்து கீழாக இறங்கி வந்தன. கண்டக்குழிப் பெயர்கள், ஆலங்குடாப் பெயர்கள், தலவிலைப் பெயர்கள். திரையைப் பார்த்து நான் சத்தமாக வாசிக்க, உம்மா தன் தாளில் ஒவ்வொன்றாகச் சரி போட்டார். அவர் விட்ட ஒன்று என்னிடம் இருந்தது, அவர் இரண்டு தரம் எழுதியது என்னிடமும் இரண்டு கரையில் இருந்தது. மற்றபடி இரண்டு பட்டியலும் ஒன்றே. மகளே, என் வாழ்க்கையில் எத்தனையோ செய்தி முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. அந்தத் திரையில் அந்தப் பெயர்கள் இறங்கிய சில நிமிடங்களில் வந்த சந்தோஷம் ஒன்றிலும் வந்ததில்லை.

அருளப்புவை எடுத்து வாசித்தேன். யார் யார் போனார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் "ஓம்", "ஓம்" என்றுகொண்டு வந்தார். பட்டியல் முடிந்தது. பிறகு மெதுவாக, "அப்ப ஒண்டுதான்" என்றார்.

எது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் கதவு நிலையில் பரீதா நின்றாள். நான் வாசித்த பெயர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அரைமணி நேரத்துக்கு முன் அவளோடு சேர்ந்து பயந்துகொண்டிருந்த வீடுகள் எத்தனையோ. என் திருத்தம் அவர்களையெல்லாம் எழுப்பி அனுப்பிவிட்டு, அவளை மட்டும் தனியே நிறுத்திவிட்டது. சரியான பட்டியல் என்பது அப்படியும் ஒன்று. என் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. உம்மா தாளைப் போட்டுவிட்டுப் போய் அவள் கையைப் பிடித்தார்.

நான் போனை நீட்டி, "பரீதா, பசீல் எந்தப் பக்கம் போறண்டு சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. போனை வாங்கி, நேரே அருளப்புவிடமே சொன்னாள். "பாருக்கு உள்பக்கமா, தெற்க. நேத்து வலை போட்ட இடத்திலயே போடறண்டாங்க. எஞ்சின் ரெண்டு நாளா இருமிட்டு இருந்திச்சி, தம்பி சொன்னான். நானா, அங்க பாருங்க. வேற எங்கயும் போயிருக்க மாட்டாங்க."

"சரி தங்கச்சி. எல்லாப் போட்டும் அங்கதான் போகுது" என்றார் அருளப்பு.

எல்லாப் படகும். இதைத்தான் உனக்குப் போனில் விளக்க முடியாமல் தடுமாறினேன். பழைய பட்டியலோடு போயிருந்தால் ஒரு படகு வடக்கே, ஒன்று முகத்துவாரத்துக்கு, ஒன்று வெளிக்கடலுக்கு என்று, கரையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் தேடித் திரிந்திருப்பார்கள். பாருக்கு உள்பக்கம், தெற்கே யாரும் போயிருக்க மாட்டார்கள். இரண்டு அடைப்புக்குறியும் ஓர் இலக்கமும் மாறியதால் அத்தனை பேரும் ஒரே இடத்தைப் பார்த்துப் போனார்கள்.

அனுப்புவதைத் திரும்பத் திறந்துவிட்டேன். திருத்திய பட்டியல் எல்லாப் போனுக்கும் போயிற்று. ஏசியவர்கள் மறுபடி எடுத்துச் சிரித்தார்கள், உன் மாமி ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை ஏசினார். பரீதா கரைக்குப் போக வேண்டும் என்றாள். உம்மா அவளோடு ஒரு திரீவீலில் கண்டக்குழிக்குப் போனார். நான் மேசையை விட்டு எழும்பவில்லை. எழும்பினால் ஏதோ ஒன்று தப்பிப்போகும் போல இருந்தது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் வந்தது. காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. பட்டியலில் புதிதாக ஒன்றும் வரவில்லை.

நீ இன்னொரு காரியமும் செய்து வைத்திருந்தாய். வடிவத்துக்குப் பொருந்தாத செய்திகளை ஸ்கிரிப்ட் தூக்கி எறிவதில்லை, பொருந்தாதவை என்று பெயரிட்ட ஒரு கோப்பில் போட்டு வைக்கும். ரீலோட் விளம்பரம், கல்யாண வாழ்த்து, பிழையான இலக்கத்துக்கு வந்த செய்திகள் என்று அதில் குப்பைதான் சேரும். பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, சும்மா அதைத் திறந்தேன். அடியில் புதிதாக ஒன்று கிடந்தது. றொபினின் போனிலிருந்துதான் வந்திருந்தது, ஆனால் றொபின் எழுதியதல்ல. அவன் அப்படி எழுத மாட்டான். பிறகு உம்மா சொன்னார், அருளப்புவின் படகு ரஹ்மத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவது கண்ணுக்குத் தெரிந்ததும், பரீதா றொபினின் கையிலிருந்து போனைப் பறித்துத் தானே எழுதினாளாம். இடம் இல்லை, இரட்டைப் புள்ளி இல்லை, படகின் பெயர் இல்லை, நேரமும் இல்லை. ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

வந்திட்டாங்க.

மகளே, இனி இதற்கும் ஒரு வடிவம் எழுதித் தருகிறேன் என்பாய், உன்னை எனக்குத் தெரியும். எழுத வேண்டாம். இப்படி ஒன்று வந்தால் நானே கையால் அனுப்பிக்கொள்கிறேன். அன்றும் அப்படித்தான் செய்தேன். பெயர் சேர்க்கவில்லை, இடம் சேர்க்கவில்லை. அவள் எழுதிய அந்த ஒரு சொல்லை அப்படியே எல்லாப் போனுக்கும் அனுப்பினேன். யார் வந்தது என்று ஒரு வீட்டிலிருந்தும் கேட்டு அழைப்பு வரவில்லை.

உன்
வாப்பா